பினாங்கு தண்ணீர்மலைக்கு அந்தப் பெயர் ஏன்? கோவிலைத் தவிர அங்கே என்ன பார்க்கலாம்?

பெயரே பதில்தான், அங்கே கொட்டும் அருவியால் வந்தது. நமக்குத் தண்ணீர்மலை என்றதும் முருகன்தான் நினைவுக்கு வருவார், ஆனால் பினாங்கின் தலைநகரான ஜார்ஜ் டவுன் குடித்து வளர்ந்ததும் அந்த அருவித் தண்ணீரைத்தான். ஆங்கிலேயர் காலத்தில், 1892-இல் அங்கே நீர்த்தேக்கம் கட்டினார்கள். உயரத்தில் இருப்பதால் தண்ணீர் தானாகவே குழாயில் இறங்கி நகரத்துக்கு வந்துவிடும். நீர்த்தேக்கம் இன்றும் புழக்கத்தில் இருப்பதால் அனுமதி வாங்காமல் உள்ளே போக முடியாது.

சரி, பக்கத்தில்? 1884-இல் சார்லஸ் கர்ட்டிஸ் பொறுப்பில் தொடங்கிய தாவரவியல் பூங்கா, அப்புறம் அதே சாலையில் நாட்டுக்கோட்டைச் செட்டியார் கோவில். தைப்பூசத்துக்கு முதல் நாள் வெள்ளி ரதம் இந்தப் பக்கம் வரும்போது சாலையெங்கும் உடைத்த தேங்காய், இளநீர் வாசம், செருப்பில்லாமல் நடந்தால் கால் நனையும். கண்டிப்பாக ஒருமுறை பாருங்கள். மலைக்கோவிலுக்கு 500-க்கும் மேல் படிகள், விடியற்காலையில் ஏறுவது நல்லது.