போலீசுக்குள் நடக்கும் தப்பை போலீசாரே சொல்கிறார்களா, எப்படி அளப்பது?

புகார் எண்ணிக்கையை மட்டும் வைத்து அளக்கவே முடியாது. நம்ம பாலக்காட்டு எல்லையில் ஒரு சோதனைச் சாவடி என்று வைத்துக்கொள்ளுங்கள், லாரிக்காரரிடம் காசு வாங்கும் காவலர்மேல் கூட இருப்பவர்கள் யாரும் புகார் தரவில்லை என்றால், தப்பே நடக்கவில்லையா, இல்லை எல்லோரும் பயந்து வாயை மூடிக்கொண்டார்களா?

அதனால்தான் போலீஸ் நேர்மையை ஆராய்ந்த அமெரிக்கரான கார்ல் க்ளாக்கர்ஸ் போன்ற ஆராய்ச்சியாளர்கள் கற்பனைச் சம்பவங்களைக் கொடுத்து, பெயர் கேட்காமல், 'நீங்கள் மேலிடத்தில் சொல்வீர்களா', அப்புறம் 'உங்களோடு வேலை செய்பவர்கள் சொல்வார்களா' என்று தனித்தனியாகக் கேட்டார்கள். இரண்டாவது கேள்விதான் முக்கியம், ஸ்டேஷனின் நிஜ வழக்கம் அதில்தான் வெளியே வரும்.

சொன்னவருக்குப் பிறகு என்ன ஆனது, இடமாற்றமா, மிரட்டலா என்பதையும் பார்க்க வேண்டும். 2020இல், அப்பாவும் மகனும் போலீஸ் காவலில் அடிபட்டு இறந்த சாத்தான்குளம் வழக்கில் ஒரு பெண் தலைமைக் காவலர் சக போலீசாருக்கு எதிராகச் சாட்சி சொன்னபோது, அவருக்குப் பாதுகாப்புக் கொடுக்க உயர் நீதிமன்றமே உத்தரவிட வேண்டியிருந்தது.