பந்தயக் காரில் இன்ஜின் ஏன் பின்னால்? கூப்பர் என்ற சின்னக் கம்பெனியின் கதை

ஓட்டுநர் ஒருவர் மட்டும் உட்கார, சக்கரங்கள் வெளியே தெரிய ஓடுவது ஒற்றை இருக்கைப் பந்தயக் கார். லண்டன் பக்கம் சர்பிட்டனில் கராஜ் வைத்திருந்த சார்லஸ் கூப்பரும் மகன் ஜானும் 1946-ல் செய்த முதல் கார், கிட்டத்தட்டக் காயலான் கடை வேலை. பழைய ஃபியட் டோபோலினோ கார்களின் முன்பகுதிகள் இரண்டை எடுத்து, முன்னும் பின்னுமாகப் பற்றவைத்துவிட்டார்கள்! போட்டது 500 சிசி பைக் இன்ஜின். செயின் பின்சக்கரத்துக்கு எட்ட வேண்டுமே, அதனால் இன்ஜின் ஓட்டுநரின் முதுகுக்குப் பின்னால் போனது. காட்பாடி ஸ்டேஷன் வாசலில் நிற்கிற இன்றைய ஆட்டோவிலும் இன்ஜின் பின்னால்தான். இன்ஜின் முன்னால் இருந்தால், அதன் சக்தியைப் பின்சக்கரத்துக்குக் கொண்டுபோக நீளத் தண்டு வேண்டும்; இங்கே அது தேவையில்லை. அப்புறம் என்ன, எடை குறைந்தது, காரும் தாழ்ந்தது. 1959, 1960 இரண்டிலும் ஜாக் பிராபம் என்ற ஓட்டுநர் கூப்பர் காரில் ஃபார்முலா ஒன் பந்தய உலகச் சாம்பியன். பின்-இன்ஜினைக் கண்டுபிடித்ததே கூப்பர்தான் என்பார்கள். ஆனால் 1930-களிலேயே ஜெர்மனியின் ஆட்டோ யூனியன் என்ற கார் கம்பெனி அப்படி ஓட்டியாயிற்று.