வீட்டில் பாட்டு ரெக்கார்ட் செய்ய புது லேப்டாப் வாங்க வேண்டுமா, பழையதையே தேற்றலாமா?

நீங்கள் சொன்னது: 8ஆம் தலைமுறை ஐ5, 8 ஜிபி ரேம், பழைய ஹார்ட் டிஸ்க் உள்ள விண்டோஸ் லேப்டாப். பின்னணி இசை டிராக் மேல் பாடும்போது உங்கள் குரல் ஹெட்போனில் தாமதமாகத் தள்ளி வருகிறது, நடுநடுவே 'டிக் டிக்' என்று வெட்டுகிறது. 70,000 ரூபாய்க்குப் புதிது வாங்கலாமா என்று கேட்கிறீர்கள்.

இப்போதைக்கு வேண்டாம்.

குரல் தள்ளி வருவதற்குப் பெரும்பாலும் பிராசசர் காரணமில்லை, பஃபர்தான், அதாவது ஒலியைக் கொஞ்சம் சேர்த்துவைக்கும் தற்காலிக இடம். ஒலி கம்ப்யூட்டருக்குள் கொத்துக் கொத்தாகத்தான் போகும். 48,000 ஹெர்ட்ஸில் (செகண்டுக்கு 48,000 சாம்பிள், அதாவது ஒலியின் அளவீடுகள்) பஃபர் 1024 சாம்பிள் என்றால் ஒரு கொத்து நிரம்பவே 21 மில்லி செகண்ட், உள்ளே போய் வெளியே வருவதற்குள் 40ஐத் தாண்டிவிடும், அதை வைத்துக்கொண்டு தாளத்தில் நின்று பாடவே முடியாது. 128க்கு இறக்கினால் ஒரு கொத்துக்கு 2.7 மில்லி செகண்ட்தான். ஆனால் அந்த 2.7க்குள் கம்ப்யூட்டர் தன் வேலையை ஒவ்வொரு முறையும் முடித்தாக வேண்டும், ஒரு தடவை பிந்தினாலும் 'டிக்'.

இங்கேதான் டிரைவர், அதாவது ஒலிக் கருவியை விண்டோஸோடு இணைக்கும் மென்பொருள், வருகிறது. விண்டோஸின் வழக்கமான ஒலி வழியில் நடுவே ஒரு மிக்சர் உட்கார்ந்திருக்கும். அதைத் தாண்டிப் போகத்தான் ஸ்டைன்பெர்க் நிறுவனம் 1997இல் ஏசியோ (ASIO) என்ற டிரைவர் முறையைக் கொண்டுவந்தது. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் ஏசியோ4ஆல் (ASIO4ALL), லேப்டாப்பின் சாதாரண டிரைவர் மேல் போட்ட ஒரு போர்வை மாதிரி, பழகிப் பார்க்கப் போதும், அவ்வளவுதான். அதனால் முதல் செலவு, சொந்த ஏசியோ டிரைவரோடு வரும் ஆடியோ இன்டர்ஃபேஸ், அதாவது மைக்கையும் ஹெட்போனையும் செருகும் வெளிப்பெட்டி. பெரிங்கர் நிறுவனத்திலேயே யுஎம்சி22க்கு அந்த டிரைவர் கிடையாது, யுஎம்சி202எச்டிக்கு உண்டு, விலை வித்தியாசம் எதற்கு என்று கேட்பவர்களுக்கு இது ஒன்றே போதும். ஒரே ஒரு மைக் என்றால் ஃபோகஸ்ரைட் ஸ்கார்லெட் சோலோவும் சரி. இவற்றில் டைரக்ட் மானிட்டர் வசதி இருக்கும். அதைப் போட்டால் உங்கள் குரல் கம்ப்யூட்டருக்குப் போகாமலே நேராக ஹெட்போனுக்கு வந்துவிடும், பஃபரை எவ்வளவு வைத்தாலும் கவலையில்லை. கிடாரை ஆம்ப் பிளகின் (ஆம்ப் ஒலியைக் கம்ப்யூட்டருக்குள்ளேயே உருவாக்கும் துணை மென்பொருள்) வழியாகக் கேட்டுக்கொண்டே வாசிப்பவர்களுக்கு மட்டும் இந்த வழி உதவாது.

'டிக்' சத்தத்துக்கு லேட்டன்சிமான் என்ற இலவச மென்பொருளைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டுப் பாருங்கள், எந்த டிரைவர் கம்ப்யூட்டரின் நேரத்தைப் பிடித்துக்கொண்டு நிற்கிறது என்று காட்டும். பல லேப்டாப்களில் அது வைஃபை டிரைவர்தான். ரெக்கார்டிங் நேரத்தில் வைஃபையை அணைத்து, சார்ஜரைச் செருகி, பவர் பிளானை ஹை பெர்ஃபார்மன்ஸில் வையுங்கள். இதைப் பார்க்காமல் புதிதாக வாங்கினால் அதிலும் இதே தொல்லை வரலாம்.

ஹார்ட் டிஸ்க் வேகம் பற்றிப் பயமுறுத்துவார்கள். 24 பிட், 48,000 ஹெர்ட்ஸில் ஒரு மோனோ டிராக் நிமிடத்துக்கு 8.6 எம்பிதான், எட்டு டிராக் சேர்ந்தாலும் செகண்டுக்கு ஒரு எம்பிக்குச் சற்று மேல், எந்தப் பழைய டிஸ்கும் தாங்கும். இருந்தாலும் எஸ்எஸ்டிக்கு மாறிவிடுங்கள், ஏனென்றால் விண்டோஸே ஹார்ட் டிஸ்கில் தவழ்கிறது, அப்புறம் அது சுழலும் சத்தம் கண்டென்சர் மைக்கில் ஏறும். (சீலிங் ஃபேன் அதைவிட ஏறும், அது வேறு விஷயம்.)

ரேம்? குரல், மிருதங்கம், சுருதி என்று நேரடியாகப் பதிவு செய்வதற்கு 8 போதும். கருவிகளின் ஒலிப்பதிவுகளை வாசிக்கும் கான்டாக்ட் மென்பொருளில் பெரிய பியானோ, ஸ்ட்ரிங்ஸ் லைப்ரரிகளை ஏற்றுவீர்கள் என்றால் 16 ஆக்குங்கள். அதற்கு முன்னால் காலி ஸ்லாட் இருக்கிறதா, ரேம் போர்டிலேயே ஒட்டியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

பிராசசர் உண்மையிலேயே போதாமல் போவது மென்பொருள் சின்தசைசரும் பிளகினும் குவியும்போது. ஒரே டிராக்கில் வரிசையாகப் போட்ட பிளகின்கள் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓட முடியும், எனவே எத்தனை கோர் என்பதைவிட ஒரு கோரின் வேகம் முக்கியம். அந்த நிலைமை வந்தாலும் முதலில் டிராக்கை ஃப்ரீஸ் செய்து (பிளகின்களோடு சேர்த்து ஒலிக்கோப்பாக மாற்றி வைத்து) பாருங்கள். கேமிங் லேப்டாப் பக்கம் போகவே வேண்டாம், கிராபிக்ஸ் கார்டு இந்த வேலைக்கு உதவாது, அதன் ஃபேன் இரைச்சலைத்தான் மைக் பிடிக்கும். விண்டோஸ் 10க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டது, ஆனால் உங்கள் ஐ5 விண்டோஸ் 11க்கான பட்டியலில் இருப்பதால் அதற்காகப் புதிது வாங்கும் கட்டாயமும் இல்லை. 7ஆம் தலைமுறையாக இருந்திருந்தால் யோசிக்கச் சொல்லியிருப்பேன்.