சபைப் பாட்டுப் புத்தகம்: இசைக்குறிப்போடு வாங்குவதா, வார்த்தை மட்டும் போதுமா?

மயிலாடுதுறைப் பக்கம் நூறு பேர் கூடும் சபை, ஞானப்பாட்டுப் (மேல்நாட்டு மெட்டில் பாடும் சபைப் பாட்டு) புத்தகமெல்லாம் கிழிந்துவிட்டது, புதிதாக வாங்கும்போது இசைக்குறிப்பு அச்சிட்டதையே எல்லாருக்கும் வாங்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். எல்லாருக்கும் வேண்டாம். பாடகர் குழுவில் 16 பேர் என்றால் இருவருக்கு ஒன்றாக 8, ஆர்கனுக்கு 1, கைவசம் 1, ஆக 10 போதும். மற்றவர்களுக்கு வார்த்தைப் புத்தகம். இரண்டிலும் பாட்டு எண் ஒன்றுதானா என்று வாங்குமுன் சரிபாருங்கள். எண் மாறியிருந்தால், பாட்டு எண் மாட்டும் பலகையைப் பார்த்துப் பாதிப் பேர் வேறு பாட்டைத் திறந்து வைத்திருப்பார்கள்.

வார்த்தைப் புத்தகத்தில் அரைப் பக்கத்தில் அடங்கும் பாட்டு, நாலு குரல் குறிப்போடு ஒரு பக்கத்தைத் தாண்டிவிடும். தமிழ் எழுத்து அகலம். ஸ்வரத்துக்கு நேர்கீழே அசை அசையாகப் பிரித்துப் போட்டால் சொல் சிதறும், எழுத்தையும் சிறிதாக்க வேண்டிவரும். கண்ணாடி போட்ட பெரியவர்கள் முதல் ஞாயிறே மூடி வைத்துவிடுவார்கள்.

வார்த்தைப் புத்தகத்தில் சிக்கல் வேறு. பாட்டின் தலையில் 8.7.8.7 என்று அசைக்கணக்கு (அடிக்கு எத்தனை அசை என்பது) மட்டும் இருந்தால், அந்தக் கணக்குள்ள எந்த மெட்டும் பொருந்தும் என்று ஆர்கன்காரர் மாற்றி வாசிப்பார். எண்ணும் முறை எளிது: புள்ளி எழுத்தை விட்டுவிட வேண்டும். 'கர்த்தர்' இரண்டு, 'காவேரி' மூன்று. ஆனால் கணக்கு ஒத்தாலும் மெட்டு ஒத்துவிடாது. சில மெட்டுகள் தாளத்தின் முதல் தட்டிலேயே எடுக்கும், சில ஒரு தட்டு முன்னால் எடுக்கும். முதல் தட்டில் எடுக்கும் மெட்டுக்குக் கட்டிய வார்த்தையை, ஒரு தட்டு முன்னால் எடுக்கும் மெட்டில் பாடினால் அழுத்தம் இரண்டாம் அசையில் விழுந்து 'தேவனே' என்பது 'தேவாஆனே' ஆகிவிடும். குறில் மேல் நீண்ட ஸ்வரம் உட்கார்ந்தால் 'விடு' என்பது 'வீடு'! தரங்கம்பாடி மிஷனரிகள் ஜெர்மன் மெட்டுக்குத் தமிழ் வார்த்தை கட்டிய காலந்தொட்டு உள்ள தொல்லை இது. ஆகவே அசைக்கணக்கோடு மெட்டின் பெயரும் அச்சிட்ட பதிப்பாகப் பாருங்கள். இல்லையென்றால் பேனாவால் எழுதிக்கொள்ளலாம்.

கர்நாடக ராகத்தில் பாடும் கீர்த்தனைக்கு இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. தஞ்சை வேதநாயகம் சாஸ்திரியார் (1774–1864) பாடல்களுக்கு ராகமும் தாளமும் தலைப்பில் இருக்கும். ஆனால் ராகப் பெயர் மெட்டு ஆகாது. ஒரே ராகத்தில் எத்தனையோ மெட்டு உண்டு. மேல்நாட்டு முறையில் ஐந்து கோட்டில் எழுதினாலோ கமகம் (ஸ்வரத்தை வளைத்து அசைத்துப் பாடுவது) போய்விடும், அதைக் கீபோர்டில் வாசித்தால் ஸ்வரம் படிக்கட்டு ஏறுவதுபோலத்தான் கேட்கும். நன்றாகப் பாடும் பெரியவர் ஒருவரைப் பல்லவி, அனுபல்லவி, ஒரு சரணம் பாடச் சொல்லி போனில் பதிவு செய்து வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று, சுருதி. அச்சிட்ட சுருதி பாடகர் குழுவுக்குப் பழகியிருக்கும், சபைக்கு மேல் ஸ்தாயியில் தொண்டை இழுக்கும். கீபோர்டில் சுருதியை மாற்றும் ட்ரான்ஸ்போஸை 2 இறக்கினால் பெரும்பாலும் சரியாகும். பாட்டு முடிந்ததும் மறக்காமல் பூஜ்யத்துக்குக் கொண்டுவரச் சொல்லுங்கள், அடுத்த பாட்டுக்கு இன்னும் 2 இறக்கினால் ஆண்கள் குரல் அடியில் போய் முனகலாகிவிடும்.