ஹங்கேரியர் உயர்த்தியா, ஸ்லாவியர் தாழ்த்தியா? பார்மாவிலிருந்து ஒரு பதில்

திருப்பூரிலிருந்து அமெரிக்காவின் கிளீவ்லாந்துக்கு வந்து ஆறு மாதம் ஆன ஒரு தம்பி கேட்டிருக்கிறார்: "அக்கா, புறநகர் பார்மாவில் வாடகைக்கு இருக்கிறேன். பக்கத்து வீடு போலந்துக்காரர், எதிர்வீடு உக்ரைனியர். அலுவலகத்தில் ஒரு ஹங்கேரியரிடம், 'நீங்களும் ஸ்லாவியர்தானே' என்று கேட்டுவிட்டேன். முகம் சுருங்கிவிட்டது. உடன் வேலை பார்க்கும் இந்தியர் ஒருவரோ, 'ஹங்கேரியர்கள் படித்த பணக்காரக் கூட்டம், ஸ்லாவியர்கள் ஆலைத் தொழிலாளிகள், வீடு வாங்கினால் ஹங்கேரியர் இருக்கும் பகுதியாகப் பார்த்து வாங்கு' என்கிறார். உண்மையா? இவர்களுக்குள்ளும் நம் ஊரைப் போல மேல் கீழ் உண்டா?"

தம்பி, வீட்டு விஷயத்தை முதலில் முடித்துவிடுகிறேன். ஹங்கேரியர் பகுதி என்று இன்று கிளீவ்லாந்தில் ஒன்று இல்லை. கிழக்கே பக்கை சாலையில் ஒரு காலத்தில் இருந்தது. புடாபெஸ்டுக்கு அடுத்த பெரிய ஹங்கேரிய நகரம் இதுதான் என்று பழைய ஆட்கள் இன்னும் சொல்வார்கள். பெருமைக்குச் சொல்வது, கணக்குக்கு நிற்காது. 1892இல் தொடங்கிய புனித எலிசபெத் பங்கு (தேவாலயச் சபை), அமெரிக்காவின் முதல் ஹங்கேரியக் கத்தோலிக்கப் பங்கு, அங்கேதான். அதை எழுப்பியவர்களின் பிள்ளைகள் 1960களிலிருந்து குடும்பம் குடும்பமாகப் புறநகருக்குப் போய்விட்டார்கள். நண்பர் சொன்ன வீட்டைத் தேடி அலைந்தால் தரகருக்குத்தான் பெட்ரோல் செலவு.

முகம் சுருங்கியதற்குக் காரணம் எளிது. போலிஷ், உக்ரைனியன், செக், ஸ்லோவாக் போன்ற உறவு மொழிகளைப் பேசுவோர்தான் ஸ்லாவியர். ஹங்கேரிய மொழி ஸ்லாவிய மொழி அல்ல. அதற்குத் தூரத்து உறவு ஃபின்னிஷும் எஸ்தோனியனும். உங்களிடம் ஒருவர், "தமிழும் இந்தியில் ஒரு வகைதானே" என்று கேட்டால் உங்கள் முகம் எப்படிப் போகும்? அவ்வளவுதான். ஆனால் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ள அவருக்கும் முழு உரிமை இல்லை என்பேன்.

நான் ரிட்ஜ் சாலையில், நம் சிவ விஷ்ணு கோயில் இருக்கும் அதே சாலையில், ஒரு சின்னக் கடையில் பதினாறு ஆண்டுகள் வருமான வரிப் படிவம் நிரப்பிக் கொடுத்தேன். பெயரையும் தொகையையும் வெளியே சொல்வதில்லை, அது தொழில் தர்மம். ஆனாலும் ஒரு சமூகத்தின் நிலைமையை அதன் வரித்தாள்களில் பார்க்கிற மாதிரி வேறு எங்கும் பார்க்க முடியாது. ஆண்டு தவறாமல் வரும் பெரியவர் ஒருவர், தோத் என்று குடும்பப்பெயர், "நான் மஜார், என் பெயருக்கு அர்த்தம் ஸ்லோவாக்" என்று சொல்லிச் சிரிப்பார் (மஜார் என்றால் ஹங்கேரிய இனத்தவர்). ஹங்கேரியில் தெருவுக்கு நாலு பேருக்கு இருக்கும் பெயர் தோத். பழைய வழக்கில் ஸ்லாவியர் எல்லோரையும் அப்படித்தான் சொன்னார்கள். ஹொர்வாத் என்றால் குரோஷியர். கொவாச் என்றால் கொல்லர், அந்தச் சொல்லே ஸ்லாவிய மொழியிலிருந்து போனது. (குடும்பப்பெயரை முன்னால் போடுவதில் மட்டும் ஹங்கேரியர்கள் நம் இனிஷியல் கட்சி.) இப்படிக் கலந்துபோன இரண்டு பேரை நிறுத்தி யார் உயர்த்தி என்று அளப்பது எப்படி?

கலப்பு பெயரோடு நிற்கவில்லை. முதல் உலகப் போருக்கு முன் ஹங்கேரி ஒரு பெரிய ராஜ்யம். இன்றைய ஸ்லோவாக்கியாவும் குரோஷியாவும், ருத்தேனியர்கள் என்ற ஸ்லாவிய இனத்தவரின் மலைப்பகுதியும் அதற்குள் இருந்தன. அங்கிருந்து அமெரிக்காவுக்குக் கப்பலேறியவர்களில் மஜார்கள் பாதிகூட இல்லை, ஆனால் எல்லோருடைய தாளிலும் "ஹங்கேரி" என்றுதான் இருந்தது. இங்கே இறங்கியதும் ஆலை முதலாளிகளும் பத்திரிகைகளும் வேறுபாடு பார்க்கவில்லை. "ஹங்கி" என்று ஒரே வசைச்சொல்லால் அத்தனை பேரையும் திட்டினார்கள். அது ஹங்கேரியன் என்ற சொல்லின் சிதைவு, பெரும்பாலும் அதை வாங்கிக் கட்டிக்கொண்டவர்கள் ஸ்லாவியர்கள். அந்தச் சொல்லை வேடிக்கைக்குக்கூட வாயில் எடுக்காதீர்கள்.

அமெரிக்காவின் வாசலில் வந்து நிற்கும்போது அவர்களுக்குள் மேல் கீழ் இருந்தது உண்மை. 1899 முதல் 1910 வரை வந்தவர்களில் 14 வயதுக்கு மேற்பட்டு எழுதப் படிக்கத் தெரியாதவர்களை அரசின் டில்லிங்ஹாம் ஆணையம் இனவாரியாகக் கணக்கிட்டது. செக்கர்களில் நூற்றுக்கு இரண்டு பேர்கூட இல்லை. மஜார்களில் சுமார் 11, ஸ்லோவாக்கியரில் 24, போலந்துக்காரரில் 35, ருத்தேனியரில் பாதிக்கு மேல். கவனித்தீர்களா? பட்டியலின் உச்சியில் இருப்பதும் ஸ்லாவியர், அடியில் இருப்பதும் ஸ்லாவியர், ஹங்கேரியர் நடுவில். உங்கள் நண்பரின் கணக்கு நூறு ஆண்டுகளுக்கு முன்பே தவறு.

படிப்பு என்னவாக இருந்தாலும் கிடைத்த வேலை ஒன்றுதான்: உருக்காலை, வார்ப்படச் சாலை, நிலக்கரிச் சுரங்கம். கிளீவ்லாந்து ரோலிங் மில்லில் 1882இல் வேலைநிறுத்தம் நடந்தபோது அதை உடைக்கப் போலந்துக்காரர்களையும் செக்கர்களையும் கொண்டுவந்து நிறுத்தினார்கள். மூன்றே ஆண்டுகளில், 1885இல், அவர்களே வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆலையைச் சுற்றி அவர்கள் குடியேறிய இடம்தான் பின்னாளில் ஸ்லாவிக் வில்லேஜ்.

ஒரு நிகழ்ச்சி சொல்கிறேன், இங்கிருந்து காரில் மூன்று மணி நேரத்துக்குள் போய்விடலாம். பென்சில்வேனியாவில் டார் சுரங்கம். 1907 டிசம்பர் 19 அன்று வெடித்தது. 239 பேர் செத்தார்கள், சிறுவர்களும் அதில் அடக்கம். செத்தவர்களில் பலர் ஹங்கேரியிலிருந்து வந்தவர்கள். அதே சுரங்கத்தில் வேலை செய்த கிரேக்கக் கத்தோலிக்கர்களில், அதாவது ருத்தேனியர்களில், மிகப் பலர் பிழைத்தார்கள். காரணம், பழைய நாள்காட்டிப்படி அன்று புனித நிக்கோலஸ் திருநாள். வேலைக்குப் போகாமல் தேவாலயத்தில் இருந்தார்கள். கூலியும் இருட்டும் இருவருக்கும் ஒன்று, அன்று பிரித்தது நாள்காட்டி மட்டும்தான்.

செத்தவன் குடும்பத்துக்கு யாரும் பணம் தராத காலம் அது. அதனால் தாங்களே சங்கம் வைத்துக்கொண்டார்கள். 1886இல் ஹேசல்டனில் பதின்மூன்று ஹங்கேரியச் சுரங்கத் தொழிலாளர்கள் தொடங்கிய வெர்ஹோவாய் உதவிச் சங்கம் இன்று வில்லியம் பென் என்ற பெயரில் காப்பீடு நடத்துகிறது. 1890இல் கிளீவ்லாந்தில் ஸ்டீபன் ஃபுர்டெக் என்ற பாதிரியார் தொடங்கிய ஸ்லோவாக் கத்தோலிக்கச் சங்கம் யெட்னோத்தாவும் இன்னும் இருக்கிறது. மாதம் சில்லறைக் காசு, செத்தால் அடக்கச் செலவு. நம் ஊர்ப் பெண்கள் கட்டும் சீட்டு நினைவுக்கு வந்தால் தவறில்லை.

இரு தரப்பும் பிள்ளைகளின் படிப்புக்கு முன்னால் வீட்டைத்தான் கட்டினார்கள். அறையில் மூன்று நான்கு பேருக்குப் படுக்கை வாடகைக்கு விட்டு, பதினாலு வயதுப் பையனை ஆலைக்கு அனுப்பிக் கடனை அடைத்தார்கள். அதனால் இரண்டாம் தலைமுறையும் தொழிலாளிதான். கல்லூரி வாசலை மிதித்தது பெரும்பாலும் மூன்றாம் தலைமுறை, தொழிற்சங்கச் சம்பளமும் இரண்டாம் உலகப் போருக்குப் பிந்தைய படைவீரர் சலுகைகளும் வந்த பிறகு. இதில் ஹங்கேரியர் தனியாக ஒன்றும் தாண்டிக் குதிக்கவில்லை.

பின்னே இந்த "படித்த பணக்காரக் கூட்டம்" பேச்சு எங்கிருந்து வந்தது? 1956இலிருந்து. சோவியத் டாங்கிகள் புடாபெஸ்டில் நுழைந்தபோது சுமார் 2 லட்சம் பேர் ஓடிவந்தார்கள், அவர்களில் முப்பதாயிரத்துக்கும் மேற்பட்டோரை அமெரிக்கா ஏற்றுக்கொண்டது. மாணவர்கள், பொறியாளர்கள், இளைஞர்கள். இன்டெல்லின் ஆண்ட்ரூ குரோவ் அந்தக் கூட்டத்தில் வந்தவர். அதற்கு முன்பே வந்துவிட்ட வான் நாய்மன், விக்னர், டெல்லர், சிலார்டு ஆகிய விஞ்ஞானிகள் புடாபெஸ்டின் வசதியான யூதக் குடும்பங்களின் பிள்ளைகள். இவர்களைக் காட்டி ஹங்கேரியர் எல்லாம் மேதை என்பது, சுந்தர் பிச்சையைக் காட்டி மதுரைக்காரர் எல்லாம் கணினி நிபுணர் என்பது போல.

என் மேசைக்கு வந்தால் புரிந்திருக்கும். மார்ச் மாதத்து ஒரே சனிக்கிழமை. முதலில் எண்பது வயது தாண்டிய ஸ்லோவாக் அம்மாள், ஷூ பெட்டியில் காகிதங்களோடு. சமூகப் பாதுகாப்புத் தாள் ஒன்று, கணவர் வேலை செய்த உருக்காலையின் ஓய்வூதியத்துக்கு 1099-ஆர் ஒன்று. ஆலை திவாலானபோது மருத்துவக் காப்பீடு போனது, ஓய்வூதியம் மட்டும் ஏதோ வருகிறது. வீட்டுக் கடன் எப்போதோ அடைந்தது. இரண்டாவது நம் தோத் பெரியவர், வார்ப்படச் சாலையில் முப்பத்தைந்து ஆண்டு. அதே இரண்டு தாள்கள். கூட்டுத்தொகையில் இருவருக்கும் ஒரு மாத மளிகைச் செலவு அளவுக்குக்கூட வித்தியாசம் இல்லை. மூன்றாவது, 1956இல் வந்த பொறியியல் மாணவர் ஒருவரின் மகள், பல் மருத்துவர். பங்கு ஈவுத் தாள்கள், வாடகை வீட்டுக் கணக்கு, மருத்துவமனைக் கணக்கு, எனக்கு இரண்டு மணி நேரம் பிடித்தது. பூர்வீகம் என்ற கட்டத்தில் தோத் பெரியவரும் இந்த மருத்துவரும் ஒரே சொல்லைத்தான் எழுதுவார்கள். ஆனால் வாழ்க்கையில் பெரியவர் அந்த ஸ்லோவாக் அம்மாளுக்குத்தான் பக்கத்து வீடு. அந்த அம்மாள் எனக்கு முட்டைக்கோஸ் இலையில் கறி பொதிந்த ஹோலுப்கி கொண்டுவருவார், நான் சைவம் என்பது பதினாறு ஆண்டிலும் அவர் மனதில் பதியவில்லை. பெரியவர் வீட்டிலும் அதே பண்டம்தான், பெயர் தோல்தோத் காபோஸ்தா.

ஸ்லாவியர் பக்கமும் அலைகள் உண்டு. போர் அகதிகளுக்கான 1948 சட்டத்தில் வந்த உக்ரைனியர்கள், 1968க்குப் பின் வந்த செக்கர்கள், 1980களின் போலந்துப் பொறியாளர்கள், 2022க்குப் பின் வந்த உக்ரைனியர்கள். இந்தக் கடைசி அலையில் உங்கள் எதிர்வீட்டுக்காரரின் உறவினர்கள்கூட இருக்கலாம். கணக்கெடுப்புப் பணியகம் தரும் பூர்வீகவாரிப் புள்ளிகளில் இவர்கள் அனைவருமே நாட்டின் இடைநிலைக் குடும்ப வருமானத்துக்கு மேலேதான் நிற்கிறார்கள். போலந்துக்கும் ஹங்கேரிக்கும் இடைவெளி சிறிது. ரஷ்யர் என்று எழுதுவோர் சற்று மேலே, அதில் யூதக் குடும்பங்கள் நிறைய. இந்தியர்கள் இவர்கள் எல்லோருக்கும் மேலே. அது நம் மூளை என்று நண்பர் நினைத்தால், 1917 முதல் நமக்குக் கதவு மூடியே இருந்தது, 1946இல் ஆண்டுக்கு 100 பேர் என்று ஒரு விரிசல் விட்டார்கள், 1965 சட்டத்துக்குப் பிறகுதான் திறந்தது, அதுவும் பட்டத்தைப் பார்த்துத்தான் என்று சொல்லுங்கள். ஹங்கேரிக்கு 1924 குடியேற்றச் சட்டம் கொடுத்த ஆண்டு ஒதுக்கீடு 473 பேர். போலந்துக்கு 5,982. சுரங்கத்துக்கு வந்த கூட்டம் அன்றோடு நின்றது.

ஆலைத் தொழிலாளிகள் என்று சொன்னாரே, அவரிடம் இதையும் சேர்த்துச் சொல்லுங்கள்: ஸ்லோவீனியக் குடும்பத்து ஃபிராங்க் லாஷியும், செர்பியத் தந்தைக்கும் ஸ்லோவீனியத் தாய்க்கும் பிறந்த ஜார்ஜ் வோய்னோவிச்சும் கிளீவ்லாந்து மேயர், ஒஹாயோ ஆளுநர், செனட்டர் என்று மூன்று நாற்காலியிலும் உட்கார்ந்தவர்கள்.

இன்னொன்று, இங்கே யாரும் விரும்பிப் பேசாதது. இந்தச் சமூகங்கள் புறநகரில் வீடு வாங்கி மேலே வந்தபோது அதே கதவு கறுப்பினத்தவருக்கு மூடியிருந்தது. நாம் வசிக்கும் இந்தப் பார்மாவே வீட்டுவசதியில் நிறப்பாகுபாடு காட்டியது என்று 1980இல் கூட்டாட்சி நீதிபதி ஃபிராங்க் பட்டிஸ்டி தீர்ப்பளித்தார். இனத்தின் பெயரால் திட்டு வாங்கியவர்களின் பேரர்கள்தான் அந்தப் பார்மாவில் இருந்தார்கள். அவர்கள் விட்டுவந்த ஸ்லாவிக் வில்லேஜில், 44105 அஞ்சல் எண்ணில், 2007இல் நாட்டிலேயே மிக அதிகமான வீடுகள் கடனுக்குப் பறிபோயின. அப்போது அங்கே இருந்தவர்கள் கறுப்பினக் குடும்பங்களும், இடம்பெயராமல் தங்கிவிட்ட கிழவர்களும். வீட்டின் விலை எங்கே ஏறியது, எங்கே விழுந்தது என்பதற்கும் போலந்து ரத்தத்துக்கும் சம்பந்தமில்லை.

உங்கள் சக ஊழியரிடம் மன்னிப்பெல்லாம் கேட்க வேண்டாம். "உங்கள் குடும்பம் எந்த ஆண்டு வந்தது?" என்று கேளுங்கள். 1906 என்றாலும் 1956 என்றாலும் கதை நீளும், காபியைக் கையில் எடுத்துக்கொண்டே கேளுங்கள்.

பக்கத்து வீட்டுக்காரரை அறிய வழி, ஈஸ்டருக்கு முந்தைய நோன்புக்கால வெள்ளிக்கிழமை. பார்மாவின் பல தேவாலயங்களில் அன்று பியரோகி விற்பார்கள். பார்வைக்குச் சோமாசி, வேகவைப்பதில் கொழுக்கட்டை, உள்ளே உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும். நோன்பு வெள்ளியில் கறி இருக்காது, நம்பிச் சாப்பிடலாம். மற்ற நாளில் வாங்கினால் மேலே போடும் வெங்காயத்தைப் பன்றிக்கொழுப்பில் வதக்கினார்களா என்று ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள்.