பல்கலைக்கழகம் போடும் ஆண்டுத் திட்டத்தை யார் கேட்கிறார்கள்?

கல்வியாண்டு தொடங்கும்போது வளாகத்தில் இலக்குகள், திட்டங்கள் என்று பட்டியல் போடுகிறார்களே, அது வெறும் சடங்கா என்பது உங்கள் கேள்வி.

பாதி சடங்குதான். மீதிப் பாதியைக் கேட்பது நாக், அதாவது 1994-ல் தொடங்கி பெங்களூரிலிருந்து இயங்கும் தேசியத் தரமதிப்பீட்டு அமைப்பு. அதன் சான்று பெற்ற கல்லூரியோ பல்கலைக்கழகமோ, உள்தர உறுதிப் பிரிவு ஒன்றை நடத்தியாக வேண்டும். ஐ.க்யூ.ஏ.சி. என்றால்தான் வளாகத்தில் தெரியும். அந்தப் பிரிவு நாக் அமைப்புக்கு ஆண்டுதோறும் அனுப்பும் அறிக்கையில், தொடக்கத்தில் என்ன திட்டமிட்டீர்கள், முடிவில் என்ன நடந்தது என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் எழுத வேண்டும்.

இதனால்தான் பட்டியலின் மொழியே ஒரு மாதிரி இருக்கும். "ஆய்வுத் தரத்தை உயர்த்துவோம்" என்று எழுதினால் ஆண்டு முடிவில் எதையும் நிரப்பிவிடலாம். "நூலகத்தை இரவு 8 மணி வரை திறந்து வைப்போம்" என்றால் தப்பிக்க முடியாது; 7 மணிக்குப் போய்ப் பார்த்தால் பூட்டுத் தொங்குகிறதா என்று தெரிந்துவிடும். எனக்கு இரண்டாவது வகை எத்தனை என்று எண்ணிப் பார்க்கும் பழக்கம் உண்டு. பெரும்பாலும் ஒரு கை விரல்கள் போதும்.

அப்புறம் மரக்கன்று, சூரியத் தகடு, மழைநீர்ச் சேமிப்பு. எல்லா வளாகத்திலும் இவை தவறாமல் வருவதற்குக் காரணம், நாக் அமைப்பின் 7 அளவுகோல்களில் கடைசி ஒன்று இவற்றையும் கேட்கிறது. நட்ட கன்றுக்கு மே மாதத்தில் யார் தண்ணீர் ஊற்றினார் என்பது வேறு கதை.

உங்கள் பல்கலைக்கழக இணையதளத்தில் ஐ.க்யூ.ஏ.சி. பக்கத்தைத் திறந்து, போன வருட அறிக்கையை இந்த வருடப் பட்டியலோடு வைத்துப் பாருங்கள். அதே வரிகள் மறுபடி வந்திருந்தால் ஆச்சரியப்படாதீர்கள்.