பியூர் டேட்டாவில் டிரம் லூப்: ஒவ்வொரு சுற்றிலும் ஏன் தடுக்குகிறது?

வணக்கம். பியூர் டேட்டாவில் (பெட்டிகளை இணைத்து ஒலியை நிரலாக்கும் மென்பொருள்) எம்பி3-ஐ சவுண்ட்ஃபைலர் (ஒலிக்கோப்பை ஏற்றும் பெட்டி) திறக்கவில்லை, வேவ் ஆக மாற்றியபின் 8 நொடி டிரம் லூப் சுற்றுக்கு ஒருமுறை இடறுகிறது என்கிறீர்கள். உங்கள் பேட்ச் (நீங்கள் இணைத்த நிரல்) மேல் தப்பில்லை.

வெறும் பியூர் டேட்டாவுக்கு எம்பி3 தெரியாது. வேவ், ஏஐஎஃப்எஃப் மாதிரி சுருக்காத கோப்புகள்தான் வேண்டும். இடறலுக்குக் காரணம் வேறு. எம்பி3 ஒலியை 1152 சாம்பிள் (ஒலியின் ஒற்றை அளவீடு) கொண்ட துண்டுகளாகக் கட்டுகிறது. நொடிக்கு 44,100 சாம்பிள் வீதம் 8 நொடி என்றால் 3,52,800 சாம்பிள். 1152-ஆல் மீதியில்லாமல் வகுபடாது. மிச்ச இடத்தில் மௌனத்தைத் திணிக்கும். போதாததற்கு, லேம் என்கோடர் (எம்பி3 ஆக்கும் நிரல்) முன்னால் 576 சாம்பிள் தாமதம் சேர்க்கும், எம்பி3-ஐ விரிக்கும் டிகோடர் பங்கு 529. இந்தத் தாமதம் மொத்தம் 25 மில்லி நொடி; வேவ் ஆக மாற்றினாலும் மௌனமாகக் கூடவே வரும். டிரம்மில் அது காதைக் குத்தும்.

மூல வேவ் கையில் இருந்தால் அதையே போடுங்கள், வேலை முடிந்தது. இல்லையென்றால் ஆடாசிட்டியில் (ஒலி திருத்தும் மென்பொருள்) முன்மௌனத்தை வெட்டி, சரியாக 3,52,800 சாம்பிளில் நிறுத்தி வேவ் ஆகச் சேமியுங்கள். மறுபடி எம்பி3 ஆக்கிவிடாதீர்கள், நானே செய்த கூத்து அது! இடம் சுருக்கத்தான் வேண்டுமென்றால், காப்புப் பிரதியை ஃபிளாக்கில் (இழப்பின்றிச் சுருக்கும் வடிவம்) வையுங்கள்; ஒரு சாம்பிள்கூட மாறாது.

நீளமான பின்னணி இசையை அரேயில் (நினைவகத்தில் உள்ள அட்டவணை) ஏற்றாமல் ரீட்எஸ்எஃப் பெட்டி வழியாக வட்டிலிருந்தே ஓடவிடுங்கள். கோப்பைத் திறக்கச் சொல்லும் ஓபன் செய்தியை கொஞ்சம் முன்கூட்டியே அனுப்பிவிடுங்கள்.